தாழ்ப்பாளைத் திறங்கள்

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக ஜென் தியானம் பழகுகிறேன். தினமும் அதிகாலையில் முக்கால் மணி நேரம் அசையாமல் உட்காருவேன். தோள் இறுகிப்போகிறது, என்னை அறியாமல் பல்லைக் கடிக்கிறேன், எழுந்தால் தலை பாரமாக இருக்கிறது. போதாக்குறைக்கு ஒருநாள் எட்டு வயது மகள் எட்டிப் பார்த்து, என் முகத்தைக் கண்டு சிரித்துவிட்டாள். அதட்டி அனுப்பினேன். அன்றிலிருந்து கதவைத் தாழிட்டுக்கொள்கிறேன். உடம்பைத் தளர்த்த என்ன வழி? தியானத்தில் சிரிப்புக்கு இடம் உண்டா?

பதில்: தோளைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தத் தாழ்ப்பாள்.

குழந்தை எதைப் பார்த்துச் சிரித்தாள்? புருவத்தைச் சுருக்கி, தாடையை இறுக்கி, சண்டைக்குக் கிளம்புகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்து. இரண்டு ஆண்டுகளாக உங்களுக்குப் புரியாதது அவளுக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. நல்ல ஆசிரியர் ஒருவர் செய்ய வேண்டிய வேலையை அவள் செய்தாள். பதிலுக்கு அவளுக்குக் கிடைத்தது அதட்டல்!

ஜப்பானிய ஜென் துறவி செங்காய் (1750–1837) ஒரு தவளையை வரைந்தார். குந்தியிருக்கிறது, வாயோரம் சிரிப்பு. உட்கார்ந்தே மனிதன் புத்தராகிவிடலாம் என்றால்... என்று பக்கத்தில் எழுதி, மீதியைத் தவளையிடம் விட்டுவிட்டார். தவளை பிறந்ததிலிருந்தே உட்கார்ந்துதானே இருக்கிறது! ‘நான் அசையாமல் உட்காருகிறேன்’ என்கிற மிதப்பைத்தான் அவர் கேலி செய்தார். அவரும் தியானத்தில் ஊறியவர்தான்.

உங்கள் உடம்பின் இறுக்கத்துக்கும் ஒரு பழைய வைத்தியம் இருக்கிறது. ஜப்பானிய ஜென் குரு ஹகுயின் (1686–1769) இளம் வயதில் உங்களைப் போலவே தன்னை வருத்திப் பயின்று, தலை கொதிக்க, கால் சில்லிட, காது இரைய, நோயில் விழுந்தார். பின்னாளில் அவர் சொல்லிக்கொடுத்தது இது: வாத்து முட்டை அளவு வெண்ணெய் உருண்டை உச்சந்தலையில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அது உருகி, தோள், மார்பு, வயிறு, இடுப்பு என்று உள்ளங்கால்வரை வழிந்து இறங்கட்டும். அவசரப்படாதீர்கள். பார்த்தால் சிரிப்பு வரும் படங்களை வரைந்தவரும் இதே ஹகுயின்தான். நேரத்தையும் 25 நிமிடமாகக் குறையுங்கள். அப்படியும் தலைபாரம் போகவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள்.

மடத்துச் சமையல் பொறுப்பாளருக்கு 1237-ல் அறிவுரை எழுதிய ஜப்பானிய ஜென் குரு டோகென், மூன்று மனங்கள் வேண்டும் என்றார்: மகிழ்ச்சியான மனம், பெற்றவர் மனம், விரிந்த மனம். பிள்ளை பெறாத துறவிக்கே பெற்றவர் மனம் வேண்டுமாம். நீங்களோ பெற்ற பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே எந்த மனத்தைப் பழகுகிறீர்கள்?

குழந்தை இடைஞ்சல் என்று தோன்றினால் தியானத்தை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். தியானம் விட்டால் விட்டதுதான். அப்பா என்கிற பொறுப்பை அப்படி விட முடியாது. நாளையிலிருந்து கதவு திறந்திருக்கட்டும். அவள் வந்து சிரித்தால் நீங்களும் வாய்விட்டுச் சிரியுங்கள், பிறகு மூச்சைக் கவனியுங்கள். ஒன்றும் கெட்டுப்போகாது.

இன்று இரவு அவள் தூங்குவதற்கு முன், அன்று அதட்டியதற்கு மன்னிப்புக் கேளுங்கள். எட்டு வயதுப் பிள்ளையிடம் அப்பா போய் மன்னிப்புக் கேட்பதா என்று தயங்காதீர்கள். அவள் அதை இன்னும் மறந்திருக்க மாட்டாள்.