மூச்சு வாங்கினாலும் நடக்கலாமா? நாள்பட்ட நுரையீரல் நோயும் உடற்பயிற்சியும்: கேள்வி பதில்

அப்பாவுக்கு 66 வயது, சிஓபிடி (மூச்சுக்குழல் சுருங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்). எஃப்.இ.வி.1 (முதல் நொடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு) இருக்க வேண்டியதில் 42 சதவீதம். தெருமுனை வரை போனாலே மூச்சு வாங்குகிறது. டாக்டர் நடக்கச் சொல்கிறார். அம்மாவோ, "நுரையீரல் இன்னும் கெட்டுவிடும், பேசாமல் உட்காருங்கள்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

டாக்டர் பேச்சைத்தான். நடக்கும்போது வாங்கும் மூச்சு நுரையீரலைச் சேதப்படுத்துவதில்லை. சிஓபிடியில் மூச்சுக்குழல்கள் சுருங்கியிருப்பதால் காற்று வெளியேற நேரம் பிடிக்கும். நிமிடத்துக்கு 15 முறை மூச்சு விடும்போது ஒரு மூச்சுக்கு 4 நொடி கிடைக்கிறது. நடையில் அது 30 முறை ஆனால் 2 நொடிதான். பழைய காற்று முழுதாக வெளியேறும் முன்பே அடுத்த மூச்சை இழுக்கிறார். காற்று உள்ளேயே தேங்கி நெஞ்சு உப்புகிறது, புதுக் காற்றுக்கு இடம் குறைகிறது. "இழுக்க முடியவில்லை" என்று அவர் சொல்வார். உண்மையில் தடைபடுவது வெளிவிடும் மூச்சு. நின்று ஓய்வெடுத்தால் தேங்கிய காற்று சில நிமிடங்களில் வெளியேறிவிடும்.

மூச்சு வாங்குகிறதே என்று உட்கார்ந்துவிட்டால் தொடைத் தசை கரையும். பலவீனமான தசை சிறு வேலைக்கே லாக்டிக் அமிலத்தைச் சுரக்கும். அந்த அமிலத்தைச் சமாளிக்கும்போது கரியமில வாயு கூடுதலாக உருவாகும், அதை வெளியேற்ற இன்னும் வேகமாக மூச்சு விட வேண்டிவரும். அதனால் போன வருடம் தெருமுனையில் வாங்கிய மூச்சு, இந்த வருடம் வாசலிலேயே வாங்கும். நுரையீரல் அப்படியே இருந்தாலும் இது நடக்கும். அம்மாவின் பயம் நியாயமானதுதான், ஆனால் உட்கார வைப்பதில்தான் ஆபத்து அதிகம்.

நடக்கும்போது உதட்டைக் குவித்து மூச்சு விடப் பழக்குங்கள். இரண்டு அடி வைக்கும்போது மூக்கால் இழுத்து, அடுத்த நான்கு அடியில் குவித்த உதடு வழியாக மெதுவாக விட வேண்டும். பலத்தோடு ஊதக்கூடாது. ஊதினால் சிறு மூச்சுக்குழல்கள் அமுங்கிக் காற்று மேலும் சிக்கிக்கொள்ளும்.

எனக்கும் என் நண்பருக்கும் எஃப்.இ.வி.1 ஏறக்குறைய ஒன்றுதான். அவர் மார்க்கெட் போய் வருகிறார், என்னால் குளிக்கவே முடியவில்லை. ரிப்போர்ட் தப்பா?

ரிப்போர்ட் சரியாகத்தான் இருக்கும். அந்த எண், முதல் நொடியில் எவ்வளவு காற்றை ஊதித் தள்ளுகிறீர்கள் என்பதை மட்டும் சொல்கிறது. எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்பதைத் தொடைத் தசை, இதயம், இரத்தத்தில் ஹீமோகுளோபின், உடல் எடை, மனப்பயம் எல்லாம் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஹீமோகுளோபினை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது குறைவாக இருந்தால் எந்தப் பயிற்சியும் பாதிப் பலன்தான் தரும்.

ஆறு நிமிட நடைச் சோதனையை வீட்டு மொட்டை மாடியிலேயே செய்து பார்க்கலாமா? மாடி நீளம் 8 மீட்டர்.

முதல் சோதனையை மருத்துவமனையில் செய்துகொள்ளுங்கள். அதற்கு 30 மீட்டர் சமதளப் பாதை, இரு முனையிலும் கூம்பு, கூடவே ஆக்சிஜன் அளவையும் நாடித்துடிப்பையும் கவனிக்க ஒருவர் வேண்டும். முதல் தடவையைவிட இரண்டாவது தடவை பெரும்பாலும் தூரம் கூடும், பழக்கம்தான் காரணம். ஆகவே இரண்டு தடவை நடக்கவிட்டு அதிகமானதைக் குறித்துக்கொள்வதே முறை. 8 மீட்டர் மாடியில் திரும்பித் திரும்பியே நேரம் போய்விடும், தூரம் குறைவாகத்தான் காட்டும். அதை 30 மீட்டர் பாதையில் வந்த எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

பயிற்சி வேகத்தை அந்த எண்ணிலிருந்தே கணக்கிடலாம். 6 நிமிடத்தில் 300 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 50 மீட்டர். அதில் 80 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 40 மீட்டர். உங்கள் மாடிக்கு ஒரு நிமிடத்தில் ஐந்து நடை. ஆரம்பத்துக்கு இது போதும்.

வீட்டில் முன்னேற்றம் பார்க்க நாற்காலிச் சோதனை நல்லது. கைப்பிடி இல்லாத, 46 செ.மீ. உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 3 முறை கூடினால் அது உண்மையான முன்னேற்றம். ஆறு நிமிட நடையில் அதற்கு ஈடான அளவு சுமார் 30 மீட்டர். யாராவது பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

இரண்டு நிமிடத்துக்கு மேல் நடக்க முடியவில்லை. இருபது நிமிடம் நடக்கச் சொன்னால் எப்படி?

துண்டு துண்டாக நடங்கள். ஒரு நிமிடம் நடை, ஒரு நிமிடம் நின்று ஓய்வு, இப்படி ஆறு முதல் எட்டுச் சுற்று. அதுவும் கஷ்டம் என்றால் 30 நொடி நடை, 30 நொடி ஓய்வு. இடைவெளி விட்டால் காற்று தேங்குவது குறையும், காலுக்கு மட்டும் வேலை கிடைக்கும். தொடர் நடைக்கு ஈடான பலன் இதிலும் உண்டு.

எவ்வளவு மூச்சு வாங்கலாம் என்பதற்கு போர்க் அளவுகோல் உண்டு. 0 என்றால் மூச்சிரைப்பே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாதது. பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருந்தால் 4 முதல் 6 வரை போகலாம். வீட்டில் தனியாகச் செய்யும்போது 3, 4 போதும். அந்த அளவில் ஒரு சிறு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க முடியும், பாட முடியாது. 1, 2 என்று சொகுசாக நடந்தால் தசை தேறாது.

ஒருநாள் விட்டு ஒருநாள் தசைப் பயிற்சியும் வேண்டும். நாற்காலியிலிருந்து எழுவது, குதிகால் உயர்த்துவது, தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்து முழங்கையை மடக்குவது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, இரண்டு சுற்று. எழும்போது மூச்சை விடுங்கள், அடக்காதீர்கள். 12 தடவை எளிதாகிவிட்டால் எடையைக் கூட்டுங்கள். எட்டு வாரத்துக்கு முன் பலனைத் தேடாதீர்கள், அதற்குள் பலர் விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு ஐஎல்டி (நுரையீரல் திசு தடித்து இறுகும் நோய்). உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிஜன் 96. மாடிப்படி ஏறினால் 84. ஏறலாமா?

ஆக்சிஜன் ஏற்பாடு இல்லாமல் அந்த வேகத்தில் வேண்டாம். ஐஎல்டியில் காற்றுப்பைச் சுவர் தடித்துவிடுவதால், ஓய்வில் சரியாக இருக்கும் அளவு நடையில் சடாரென்று இறங்கும். வீட்டுப் பயிற்சியில் 88க்குக் கீழே போனால் நின்றுவிடுங்கள், 90ஐத் தாண்டியபின் இன்னும் மெதுவாகத் தொடருங்கள். டாக்டரிடம், நடக்கும்போது எத்தனை லிட்டர் ஆக்சிஜன் தேவை என்று நடக்கவைத்தே பார்த்து எழுதித் தரக் கேளுங்கள். உட்கார்ந்தபடி பார்த்த எண் நடைக்குப் பயன்படாது.

கையில் தூக்கிச் செல்லும் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) பலவும் நீங்கள் மூச்சை இழுக்கும் நொடியில் மட்டும் ஆக்சிஜன் தருபவை. ஐஎல்டியில் மூச்சு வேகமாகும்போது அது போதாமல் போகலாம். அதை மாட்டிக்கொண்டு ஆறு நிமிடம் நடந்து, அளவைப் பார்த்தபிறகே பணம் கட்டுங்கள்.

விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரிலும் கவனம் தேவை. நடக்கும்போது கை ஆடினால் எண் தாவும். நின்று, கையை நெஞ்சோடு வைத்து, எண் நிலைத்தபின் படியுங்கள். நின்ற பிறகும் சிறிது நேரம் எண் இன்னும் இறங்கலாம், அதனால் உடனே கழற்றாதீர்கள். குளிர்ந்த விரல், நகப்பூச்சு, மருதாணி எல்லாம் குழப்பும். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். ஆகவே 89 காட்டினாலும் 'இன்னும் ஒன்று மிச்சம்' என்று இழுக்க வேண்டாம்.

அம்மா முப்பது வருடம் விறகடுப்பில் சமைத்தவர். நடக்கிறார், ஆனால் தலை பின்னினால், துணி காயப்போட்டால் மூச்சு முட்டுகிறது. ஏன் இப்படி?

கையைத் தூக்கும் தோள், கழுத்துத் தசைகளில் பல, நோயாளிகளுக்கு மூச்சிழுக்கவும் உதவுகின்றன. கை மேலே போனால் அவற்றுக்கு இரண்டு வேலை. கொடியைத் தோள் உயரத்துக்கு இறக்கிக் கட்டுங்கள். தலை பின்னும்போது முழங்கையை மேசைமேல் ஊன்றட்டும். கையைத் தூக்கும் நொடியில் மூச்சை விட்டு, இறக்கும்போது இழுக்கட்டும். அரை கிலோ எடையைத் தோள் உயரம் வரை தூக்கும் பயிற்சி, 8 தடவை, வாரம் மூன்று நாள். குளிக்க ஒரு ஸ்டூல், ஈரம் துடைக்கும் சிரமத்துக்குப் பதில் பெரிய துண்டைப் போர்த்திக்கொள்வது. இவையெல்லாம் மிச்சப்படுத்தும் மூச்சை நடைக்குப் பயன்படுத்தலாம். அடுப்பை இன்னும் மாற்றவில்லை என்றால் அதுதான் முதல் வேலை.

காசநோய் குணமாகி ஐந்து வருடம். நுரையீரலில் தழும்பும், தினமும் சளியும். பயிற்சி செய்தால் நோய் திரும்புமா?

பயிற்சியால் காசநோய் திரும்பாது. சளிப் பரிசோதனை நெகட்டிவ் என்று உறுதியானால் குழுப் பயிற்சியிலும் சேரலாம். நடக்கும் முன் சளியை எடுத்துவிடுங்கள். நான்கைந்து ஆழ்ந்த மூச்சு, பிறகு வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படியச் செய்வதுபோல 'ஹா' என்று இரண்டு முறை, பிறகு இருமல். சளியில் ரத்தம் வந்தால் அன்று பயிற்சி கிடையாது, டாக்டரைப் பாருங்கள்.

மருத்துவமனையில் மூன்று மாதம் பயிற்சி. அப்பாவின் ஆறு நிமிட நடை 60 மீட்டர் கூடியது. ஆனால் வீட்டில் நாள் முழுக்க டிவி முன்னால்தான்.

முடிவது வேறு, செய்வது வேறு. 2015இல் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் சர்வதேச அமைப்பு) ஆய்வுத்தொகுப்பு 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற சிஓபிடி நோயாளிகளின் ஆறு நிமிட நடை சராசரியாக 44 மீட்டர் கூடியிருந்தது. ஆனால் அந்தக் கூடுதல் திறன் தானாக அன்றாட நடையாக மாறுவதில்லை. பல வருடம் மூச்சுக்குப் பயந்தவருக்கு உட்காருவதே பழக்கம். திறனை வளர்க்கப் பயிற்சி வேண்டும், பழக்கத்தை மாற்ற வேறு வழி வேண்டும்.

போனிலோ கைக்கடிகாரத்திலோ ஒரு வாரம் அடிகளை எண்ணுங்கள். சராசரி 2,000 என்றால் அடுத்த இரண்டு வாரத்துக்கு இலக்கு 2,300. மூன்று மாதத்தில் 600 முதல் 1,100 அடிகள் கூடினாலே உடல்நலத்தில் வித்தியாசம் தெரியும். பத்தாயிரம் என்ற பேச்சே வேண்டாம். அதோடு ஒரு காரியத்தைக் கையில் கொடுங்கள்: பால் வாங்குவது, பேரனைப் பள்ளி வேனில் ஏற்றுவது. தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கத்திலேயே கொண்டுபோய் வைக்காதீர்கள்.

இன்ஹேலரை எப்போது எடுக்கலாம்? சாப்பிட்டவுடன் நடக்கலாமா?

டாக்டர் அனுமதித்திருந்தால் மூச்சுக்குழலை விரிக்கும் சால்புட்டமால் 2 பஃப், ஸ்பேசர் (இன்ஹேலரோடு மாட்டும் குழாய்) வழியாக, நடைக்கு 15 நிமிடம் முன். சாப்பிட்டு ஒரு மணிநேரமாவது கழியட்டும். நிறைந்த வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும். மார்கழிப் பனியிலும் போகிப் புகையிலும் வீட்டுக்குள்ளேயே நடங்கள்.

நோய் முற்றி ஆஸ்பத்திரியில் இருந்து நேற்றுதான் வந்தேன். எப்போது மறுபடி தொடங்குவது?

வீட்டுக்குள் நடை இன்றைக்கே. முறையான பயிற்சியை டிஸ்சார்ஜ் ஆன மூன்று வாரத்துக்குள் தொடங்கும்படி 2017இல் வந்த ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டி சொல்கிறது. பழைய அளவில் பாதியில் தொடங்குங்கள். நெஞ்சுவலி, தலைசுற்றல், படபடப்பு, பத்து நிமிடம் ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சு, உதட்டில் நீலம் ஆகியவற்றில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவ உதவி தேடுங்கள். காய்ச்சல், சளி நிறமாற்றம் உள்ள நாட்களில் பயிற்சி வேண்டாம்.

மூன்று பந்து உள்ள கருவியை தினமும் நூறு தடவை ஊதுகிறேன். நடைக்குப் பதில் இது போதாதா?

அது ஊதும் கருவி இல்லை, உறிஞ்சும் கருவி. அறுவைச் சிகிச்சைக்குப் பின் படுத்திருப்பவர்களை ஆழமாக மூச்சிழுக்க வைப்பதற்காகத்தான் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். பந்து மூன்றும் மேலே போனால் தொடைக்கு ஒன்றும் கிடைக்காது. பலூன் ஊதுவதற்கும் இதே பதில்தான். அந்த நூறு தடவைக்கு ஆகும் நேரத்தில் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார்ந்து, இரண்டு நிமிடம் ஓய்வெடுத்து, இன்னொரு பத்து முறை செய்யுங்கள்.