கீமோவுக்கு ஒரு நோட்டு: புராஸ்டேட் புற்றுநோய், கேள்வி பதில்

கீமோ போடும் டே கேர் வார்டில் 17 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். டாக்டர் இல்லை. மருந்தை மாற்றுவதும் அளவைக் குறைப்பதும் உங்கள் டாக்டரின் வேலை. வீட்டுக்குப் போன பிறகு வரும் தொந்தரவுகளைப் பற்றித்தான் என்னால் சொல்ல முடியும். புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்கோ மற்ற இடங்களுக்கோ பரவிய பிறகு கீமோ என்றால் பெரும்பாலும் டோசிடாக்சல் என்ற மருந்துதான். வந்த கேள்விகளில் முக்கால்வாசியும் அதைப் பற்றியே.

அப்பாவுக்கு 71 வயது. எலும்புக்குப் பரவிவிட்டது. அடுத்த வாரம் முதல் கீமோ. எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும் சிஸ்டர்? (மகள், விருதுநகர்)

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். மருந்து ஏறும் நாளை 1 என்று போட்டு 21 வரை எழுதுங்கள். டோசிடாக்சல் வழக்கமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் ட்ரிப்ஸில் ஏறும். தொந்தரவுகளும் ஏறக்குறைய இந்தக் கணக்குப்படியே வந்து போகும்.

முதல் இரண்டு நாள் அப்பா நன்றாகவே இருப்பார். முகம் லேசாகச் சிவந்திருக்கும், தூக்கம் வராது, பேச்சு கூடும். "கீமோவா, ஒண்ணுமே இல்லையே" என்பார். அது கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு தரும் தெம்பு. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை ஆள் துவண்டுவிடுவார். உடம்புவலி, அசதி, வாய் கசப்பு எல்லாம் அப்போதுதான். ஏழிலிருந்து பத்தாம் நாள் வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். அந்த நாட்களை நோட்டில் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள். மூன்றாவது வாரம் பசி எடுக்கும், நடை திரும்பும். கல்யாணம், காதுகுத்து என்று போக வேண்டியிருந்தால் அந்த வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முடி இரண்டு மூன்று வாரத்தில் கொட்ட ஆரம்பிக்கும். சிகிச்சை முடிந்தால் பெரும்பாலும் திரும்ப வளரும்.

எத்தனை முறை என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஊசிக்கு நோய் இன்னும் கட்டுப்படும் நிலையில் என்றால் வழக்கமாக 6 முறை. கட்டுப்படாமல் போன பிறகு என்றால் 10 வரை போகலாம். அந்த நிலையில் ஆயுளை நீட்டிக்கும் என்று முதன்முதலில் நிரூபணமான கீமோ இதுதான், அது 2004-ல்.

எட்டாம் நாள் ராத்திரி 101 காய்ச்சல். பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் கூட்டிக்கொண்டு போகலாமா? (மகன், ஓசூர்)

கூடாது தம்பி. இந்தக் கேள்விக்காகவே மற்ற எல்லாக் கேள்விகளையும் தள்ளி வைக்கலாம்.

கீமோ எடுப்பவருக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் அது அவசரம். வெள்ளை அணு குறைந்திருக்கும்போது கிருமி ரத்தத்தில் பரவ ஒரு ராத்திரி போதும். பாராசிட்டமால் காய்ச்சலை இறக்கிக் காட்டும், கிருமியை ஒன்றும் செய்யாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். வண்டி இல்லையென்றால் 108. அவசரப் பிரிவில் நுழைந்ததும் முதல் வாக்கியமாக, "கீமோ போட்டு எட்டு நாள் ஆகிறது, காய்ச்சல்" என்று சொல்லுங்கள். இதைச் சொல்லாவிட்டால் வைரல் காய்ச்சல் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். ரத்தம் எடுத்த கையோடு ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும். ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

காய்ச்சலே காட்டாமலும் இந்தக் கிருமித் தொற்று வரும், ஸ்டீராய்டு காய்ச்சலை மூடிவிடும். எங்கள் வார்டில் ஒரு பெரியவர். சொன்னால் அட்மிட் போட்டுவிடுவார்கள் என்று பேத்தியின் விசேஷம் முடியும்வரை வாயே திறக்கவில்லை. தெர்மாமீட்டரில் 99 தான் இருந்தது. அவர் மனைவிதான் கண்டுபிடித்தார். "மே மாசத்துல ரெண்டு போர்வை கேட்டாரு சிஸ்டர்" என்றார். பிரஷர் பார்த்தால் மேலே 80. ஐந்து நாள் ஐ.சி.யூ.வில் இருந்து பிழைத்தார். அதனால் குளிர் நடுக்கம், திடீர்க் குழப்பம், மூச்சு வாங்குவது, எதுவானாலும் காய்ச்சல் மாதிரியே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். வீட்டில் வேலை செய்கிற தெர்மாமீட்டர் இருக்கட்டும். கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதெல்லாம் கணக்கில் சேராது.

கீமோவுக்கு மறுநாள் வெள்ளை அணு ஏற ஒரு ஊசி போட்டார்கள். அதிலிருந்து இடுப்பு எலும்பு குடைகிறது. நோய் அதிகமாகிவிட்டதா? பிஎஸ்ஏவும் (புராஸ்டேட்டுக்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) முன்பைவிடக் கூடியிருக்கிறது. (62 வயது, சேலம்)

அந்த ஊசி மஜ்ஜையைத் தூண்டிவிட்டு அணுக்களை உற்பத்தி செய்ய வைக்கிறது ஐயா. இடுப்பிலும் நெஞ்செலும்பிலும் குடைச்சல் வருவது அதனால்தான். வழக்கமாகச் சில நாளில் அடங்கும். வலி மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள், நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள். பிஎஸ்ஏ முதல் 12 வாரத்துக்குள் கொஞ்சம் ஏறிவிட்டு இறங்குவதும் உண்டு. அந்த ஒரு எண்ணை வைத்து மருந்து வேலை செய்யவில்லை என்று டாக்டர்கள் அவசரப்பட்டு முடிவு செய்வதில்லை. நீங்களும் செய்யாதீர்கள்.

தையல் தொழில். ஐந்தாவது கீமோவுக்குப் பிறகு விரல் நுனி மதமதவென்று இருக்கிறது, ஊசியில் நூல் கோர்க்க வரவில்லை. டாக்டரிடம் சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவாரோ என்று சொல்லவில்லை. (58 வயது, திருப்பூர்)

இதைத்தான் ஆண்கள் எல்லோரும் செய்கிறீர்கள். "பரவாயில்லை டாக்டர்" என்று வெளியே வந்துவிட்டு, சட்டைப் பட்டனை மனைவி போட்டுவிட நிற்பீர்கள்.

இது நரம்புப் பாதிப்பு. ஒவ்வொரு டோசுக்கும் சேர்ந்துகொண்டே போகும். லேசான மதமதப்பில் சொன்னால் அளவைக் குறைத்தோ இடைவெளி விட்டோ நிறுத்திப் பிடிக்கலாம். எரிச்சலும் குத்தலுமாக முற்றிய பிறகு சொன்னால், நிறுத்தினாலும் சரியாக மாதக்கணக்கு ஆகும், சிலருக்கு முழுசாகச் சரியாவதே இல்லை. உங்கள் கை உங்கள் பிழைப்பு. அடுத்த முறை டாக்டர் முன்னால் பட்டனைப் போட்டுக் காட்டுங்கள், நூல் கோர்க்க முடியவில்லை என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். "கொஞ்சம் மரத்திருக்கு" என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது.

வலியும் எரிச்சலும் இருந்தால் டுலோக்செட்டின் என்ற மாத்திரையைச் சிலருக்கு எழுதுவார்கள். கடையில் நீங்களாக சத்து மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். வைட்டமின் பி6 அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

வீட்டில் கவனிக்க வேண்டியது கால். உணர்ச்சி குறைந்த காலுக்குச் சூடு தெரியாது. குளிக்கும் தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள். மதிய வெயிலில் மொட்டை மாடிக்கும் கோயில் பிரகாரத்துக்கும் வெறுங்காலோடு போகாதீர்கள். படுக்கும் முன் பாதத்தை ஒருமுறை கண்ணால் பாருங்கள். சர்க்கரையும் இருந்தால் இரட்டிப்புக் கவனம்.

நகம் கருத்துப்போவதும் வரிவரியாவதும் இதே மருந்தால்தான். மருந்து ஏறும்போது குளிரூட்டிய கையுறை போட்டால் நகம் கெடுவது குறையும். எல்லா இடத்திலும் கிடையாது, கேட்டுப் பாருங்கள். நகத்துக்கு அடியில் சீழோ நாற்றமோ வந்தால் காட்டிவிடுங்கள்.

எதைச் செய்து கொடுத்தாலும் "மண்ணு மாதிரி இருக்கு" என்று தட்டைத் தள்ளிவிடுகிறார். எனக்கே அழுகை வருகிறது. (மனைவி, கும்பகோணம்)

உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை அம்மா, அவர் நாக்குதான் இப்போது சரியில்லை. சூடாக இருந்தால் வாசனை தூக்கும், வாசனை வந்தாலே சிலருக்குக் குமட்டும். தாளிக்கும்போது அவரைத் திண்ணைக்கு அனுப்பிவிடுங்கள். உணவை ஆறவைத்துக் கொடுங்கள். தயிர் சாதம் பலருக்கு இறங்கும். வீட்டில் அன்றைக்குத் தோய்த்த தயிராக இருக்கட்டும். வாயில் புண் இல்லையென்றால் எலுமிச்சை சாதம், ஓரமாக ஒரு துண்டு நார்த்தங்காய். உலோக வாசனை அடிக்கிறது என்றால் எவர்சில்வர் ஸ்பூனைத் தூக்கி வையுங்கள், கையால் சாப்பிடட்டும். மூன்று வேளைக்குப் பதில் ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. கஞ்சியில் வேகவைத்த பாசிப்பருப்பை மசித்துச் சேர்த்தால் அவருக்குத் தெரியாமலேயே புரதம் உள்ளே போகும். முட்டை நன்றாக வெந்திருக்க வேண்டும், ஹாஃப் பாயில் வேண்டாம்.

வாய்ப்புண் வராமல் இருக்க ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கொப்பளிக்கச் சொல்லுங்கள். நாக்கில் தயிர்த்திட்டு மாதிரி வெள்ளை படிந்தால் அது பூஞ்சை, அதற்கு மருந்து உண்டு.

ஊசி போட்ட மறுநாள் சர்க்கரை 340. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. போதாததற்கு விக்கல் வேறு. (66 வயது, நாகர்கோவில்)

மூன்றுக்கும் முதல் சந்தேகம் ஸ்டீராய்டின் மேல்தான். அலர்ஜியும் நீர் கோர்ப்பதும் வராமல் இருக்க, கீமோவுக்கு முந்தின இரவிலிருந்தே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுப்பார்கள். தினமும் பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு வேறு இருக்கும். கீமோ தேதியைச் சர்க்கரை டாக்டரிடமும் சொல்லுங்கள், அந்த இரண்டு மூன்று நாளுக்கு மட்டும் மருந்தைக் கூட்டித் தருவார். ஸ்டீராய்டை எந்த நேரத்தில் சாப்பிட்டால் தூக்கம் கெடாது என்று கேளுங்கள். சர்க்கரைக்குப் பயந்து பிரெட்னிசோலோனைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து. காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுகிறதா என்றும் வாரம் ஒருமுறை பாருங்கள், எடையும் பாருங்கள்.

பப்பாளி இலைச் சாறு, சீந்தில் பொடி, எல்லாம் இயற்கைதானே. கூடவே கொடுக்கலாமா? (மருமகன், திண்டுக்கல்)

டோசிடாக்சலும் இயற்கையிலிருந்து வந்ததுதான் தம்பி. ஐரோப்பாவில் வளரும் யூ என்ற மரத்தின் ஊசி இலையிலிருந்து எடுக்கும் பொருளை வைத்துத்தான் அதைச் செய்கிறார்கள்.

விஷயம் கல்லீரல். இந்த மருந்தை உடம்பிலிருந்து வெளியேற்றுவது அதுதான். கல்லீரல் சோர்ந்தால் மருந்து உடம்பிலேயே தங்கி, எல்லாப் பக்கவிளைவும் பல மடங்காகும். கல்லீரலின் நிலையைக் காட்டும் பிலிருபின் ரத்தத்தில் கூடியிருந்தால் அன்றைக்கு ஊசியே போடமாட்டோம். சீந்திலால் கல்லீரல் பாதித்ததாக 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள், ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அந்த விவாதம் தீரும்வரை உங்கள் மாமனாரை வைத்துச் சோதனை செய்ய வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் பாட்டிலோடு கொண்டுவந்து காட்டுங்கள். திட்டமாட்டார்கள். திட்டினாலும் பரவாயில்லை, காட்டுங்கள். பம்பளிமாஸும் கிரேப்ஃப்ரூட்டும் மருந்தின் அளவைக் கூட்டக்கூடியவை, அந்த மாதங்களில் தவிர்த்துவிடலாம்.

பேரன் மடியில் ஏறலாமா? (தாத்தா, கோவை)

தாராளமாக. கீமோ போட்ட 48 மணி நேரம் மட்டும் கழிவறையில் உட்கார்ந்தே சிறுநீர் போய், இரண்டு தடவை தண்ணீர் ஊற்றிவிடுங்கள். பேரனுக்குச் சளி காய்ச்சல் என்றால்தான் தள்ளி இருக்க வேண்டும், அதுவும் உங்களுக்காக.

கீமோ முடிந்து நானே பைக் ஓட்டி வீட்டுக்கு வருகிறேன். தலை கொஞ்சம் கிறுகிறுக்கிறது. (60 வயது, மதுரை)

ஓட்டாதீர்கள். டோசிடாக்சலைக் கரைக்க ஆல்கஹால் சேர்க்கிறார்கள், போதை மாதிரி வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2014-ல் எச்சரித்தது. ஆட்டோவில் வாருங்கள்.

நாலு நாளாக நடு முதுகில் வலி, நேற்றிலிருந்து கால் பின்னுகிறது. கீமோ அசதிதானே? (மனைவி, கடலூர்)

இல்லை அம்மா, இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கிளம்புங்கள். அசதி என்றால் உடம்பு முழுக்க இருக்கும். முதுகுவலியோடு கால் பலம் குறைவது, மரத்துப்போவது, சிறுநீர் அடைபடுவது எல்லாம் முதுகெலும்பில் உள்ள கட்டி தண்டுவடத்தை அழுத்துவதாலும் வரும். உடனே எம்.ஆர்.ஐ. எடுத்து, ஸ்டீராய்டும் கதிர்வீச்சோ அறுவையோ கிடைத்தால் நடையைக் காப்பாற்றலாம். கால் முழுசாக விழுந்த பிறகு போனால் திரும்ப எழுப்புவது கடினம்.

அப்பாவுக்கு 78. மூன்று கீமோவிலேயே உருக்குலைந்துவிட்டார். நிறுத்தச் சொன்னால் அவரைக் கைவிட்டதாக ஆகிவிடுமா? (மகன், வேலூர்)

நிறுத்துவதற்கு முன்னால் இடையில் சில படிகள் இருக்கின்றன. அளவைக் குறைக்கலாம். மூன்று வாரத்துக்கு ஒரு பெரிய டோசுக்குப் பதில், இரண்டு வாரத்துக்கு ஒரு சின்ன டோசாகக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தபோது வெள்ளை அணு இறங்கிக் காய்ச்சல் வருவது குறைந்ததாகப் பின்லாந்து மருத்துவர்கள் 2013-ல் வெளியிட்டார்கள். ரத்தசோகையும் அசதிக்குக் காரணமாக இருக்கலாம், ஹீமோகுளோபின் பாருங்கள். முடிந்த நாளில் பத்து நிமிடம் தெருவில் நடக்க வையுங்கள். படுத்தே கிடந்தால் அசதி கூடத்தான் செய்யும்.

அப்புறம் டாக்டரிடம் நேராக ஒன்றைக் கேளுங்கள்: "இந்த மருந்து இப்போது அப்பாவுக்கு என்ன தருகிறது?" எலும்புவலி குறைந்திருந்தால் அது ஒரு பதில். வலியும் குறையவில்லை, பிஎஸ்ஏவும் இறங்கவில்லை, ஆளும் எழுந்திருக்கவில்லை என்றால் அதுவும் ஒரு பதில். வலி நிவாரணப் பிரிவுக்குக் கீமோ நடக்கும்போதே போகலாம், கடைசியில்தான் போக வேண்டும் என்பதில்லை. அப்பாவிடமும் கேளுங்கள். 78 வயது மனிதருக்குத் தன் உடம்பைப் பற்றி ஒரு அபிப்பிராயம் இருக்கும்.

இவர் எதையுமே டாக்டரிடம் சொல்வதில்லை. நான் சொன்னால் முறைக்கிறார். (மனைவி, காரைக்குடி)

நோட்டை நீங்களே எழுதுங்கள் அம்மா. காய்ச்சல், வயிற்றுப்போக்கு எத்தனை தடவை, சாப்பாட்டில் எவ்வளவு மிச்சம் வைத்தார், எந்த நாளில் படுத்தார், எல்லாம். வார்டுக்கு வந்ததும் பேச வேண்டாம், நோட்டை எங்களிடம் நீட்டுங்கள். அவர் முறைத்தால் எங்களை முறைக்கட்டும்.