திங்கட்கிழமை டெல்லி: ஏஜென்டிடம் முன்பணம் கட்டும் முன்

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் டெல்லி செல்கிறோம். நான், கணவர், 72 வயது மாமனார், 16 வயது மகள், 12 வயது மகன். ஞாயிறு இரவு போய்ச் சேர்ந்து, புதன் இரவு ரயிலில் திரும்ப வேண்டும். திங்கட்கிழமை ஒரே நாளில் 14 இடங்களை ஏ.சி. பஸ்ஸில் காட்டிவிடுவதாகவும், நுழைவுக் கட்டணம் உட்பட எல்லாம் அதில் அடங்கும் என்றும் ஒரு டிராவல் ஏஜென்ட் சொல்கிறார். உடனே முன்பணம் வேண்டுமாம். மாமனாருக்குக் காந்தி நினைவிடங்களையும் போர் நினைவகத்தையும் பார்க்க ஆசை. கட்டலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: கட்டாதீர்கள். அவர் குறித்திருக்கும் கிழமையே போதும், வேறு காரணம் தேவையில்லை.

டெல்லியில் திங்கட்கிழமை என்பது அருங்காட்சியகங்களின் விடுமுறை நாள். ஜன்பத் சாலையின் தேசிய அருங்காட்சியகம், காந்தி கடைசியாகத் தங்கியிருந்த காந்தி ஸ்மிருதி, ராஜ்காட்டுக்கு எதிரே உள்ள தேசிய காந்தி அருங்காட்சியகம், தீன்மூர்த்தி வளாகத்தில் உள்ள பிரதமர்கள் அருங்காட்சியகம், இந்திரா காந்தி நினைவகம், ரயில் அருங்காட்சியகம், செங்கோட்டை எல்லாமே அன்று மூடியிருக்கும். தாமரைக் கோயிலும் அக்ஷர்தாமும்கூடத் திறக்காது. அப்படியானால் அந்த 14 இடங்கள் எவை? பஸ்ஸின் வேகம் சற்றே குறையும், ஒருவர் மைக்கில் பெயரைச் சொல்வார், நீங்கள் மதில் சுவரைப் பார்ப்பீர்கள். பட்டியலில் ஓர் இடம் கழிந்துவிடும். உங்கள் ஏஜென்டுக்கு இது தெரியாது என்று நினைக்காதீர்கள்.

இந்த விவரத்தை ஒரே இடத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லையா என்று கேட்பீர்கள். தேசிய அருங்காட்சியகம் கலாசாரத் துறையிடம், ரயில் அருங்காட்சியகம் ரயில்வேயிடம், போர் நினைவகம் பாதுகாப்புத் துறையிடம். எல்லாம் ஒரே அரசு, ஒரே ஊர். ஆனாலும் விடுமுறைகளை ஒரே தாளில் அச்சிட்டு ரயில் நிலையத்தில் ஒட்ட யாருக்கும் கை வரவில்லை. அந்த இடைவெளியில்தான் ஏஜென்டுகளின் பிழைப்பு நடக்கிறது.

அடுத்து, ‘நுழைவுக் கட்டணம் உட்பட’ என்ற சொல்லுக்கு வருவோம். ராஜ்காட், காந்தி ஸ்மிருதி, இந்திரா காந்தி நினைவகம், தேசியப் போர் நினைவகம், இந்தியா கேட் எதற்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. உங்கள் மாமனார் பார்க்க விரும்பும் இடங்கள் ஏறக்குறைய எல்லாமே இலவசம். இலவசமாக நுழையக்கூடிய இடத்துக்கு ஒருவர் உங்களிடம் கட்டணம் வாங்கித் தாமே கட்டுவதாகச் சொன்னால், அந்தப் பணம் எங்கே போகிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

குழந்தைகள் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், பலரும் ஏமாறுவது இங்கேதான். தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள செங்கோட்டை, ஹுமாயூன் கல்லறை, குதுப் மினார் போன்ற இடங்களில் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு டிக்கெட்டே தேவையில்லை. அரை டிக்கெட்டும் இல்லை. உங்கள் மகனுக்கு அங்கே ஒரு ரூபாயும் கட்டக்கூடாது. மகளுக்கு 16 ஆகிவிட்டதால் முழு டிக்கெட். பள்ளிச் சீருடை அணிந்திருந்தாலும் முழு டிக்கெட்தான். இந்தச் சலுகை தொல்லியல் துறையின் இடங்களுக்கு மட்டும். தீன்மூர்த்தியில் போய் நின்று ‘செங்கோட்டையில் இலவசம் என்றார்களே’ என்று வாதாடிப் பயனில்லை, அங்கே விதி வேறு. பையன் வயதுக்கு மீறிய உயரம் என்றால் வாசலில் சந்தேகப்படுவார்கள். ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பள்ளி அடையாள அட்டையையும் சேர்த்து. டிக்கெட்டை வாசல் பலகையில் உள்ள கியூஆர் குறியீட்டை உங்கள் போனிலேயே ஸ்கேன் செய்து வாங்கலாம். ‘வரிசையில்லாமல் வாங்கித் தருகிறேன்’ என்று கிட்டே வருபவரும் இதைத்தான் செய்கிறார், அவருடைய போனில்.

இனி உங்கள் மூன்று நாட்கள். திங்கட்கிழமையை வீணாக்க வேண்டாம், திறந்தவெளி இடங்களுக்கு அன்று தடையில்லை. காலையில் ராஜ்காட். வெளிநாட்டுத் தலைவர் எவராவது மாலை வைக்க வந்தால் பொதுமக்களைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பார்கள், அதற்கு மருந்தில்லை. பிறகு ஹுமாயூன் கல்லறை. மாலை நாலரை மணிக்குள் போர் நினைவகம். டிசம்பர் கடைசியில் ஐந்தரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும், அந்த நேரத்தில் நடக்கும் கொடியிறக்க நிகழ்ச்சியை உங்கள் மாமனார் தவறவிடக் கூடாது. நாட்டுக்காக உயிர் விட்ட ஒரு வீரரின் குடும்பத்தார் வந்து மலர் வளையம் வைப்பார்கள். 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்ட இந்த நினைவகத்தில் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பரம் வீர் சக்ரா பெற்றவர்களின் மார்பளவுச் சிலைகளில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் எங்கே என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். 1987-இல் இலங்கையில் இறந்தவர். இதற்கெல்லாம் கைடு தேவையில்லை.

செவ்வாய்க்கிழமை காந்தி ஸ்மிருதி, இந்திரா காந்தி நினைவகம், தீன்மூர்த்தி. மூன்றும் ஒன்றுக்கொன்று அருகில், ஆட்டோ தூரம். 1948 ஜனவரி 30 அன்று காந்தி அறையிலிருந்து பிரார்த்தனை மேடைக்கு நடந்த கடைசி நடையைக் காலடித் தடங்களாகக் கல்லில் பதித்திருக்கிறார்கள். பெரியவரை அங்கே அவசரப்படுத்தாதீர்கள். இந்திரா காந்தி வீட்டில், ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி அணிந்திருந்த உடையின் மிச்சமும் இருக்கிறது. மகனை முன்கூட்டியே தயார்ப்படுத்துங்கள்.

புதன்கிழமை தேசிய அருங்காட்சியகம் அல்லது செங்கோட்டை. இரண்டையும் ஆசைப்படாதீர்கள், 72 வயதுக் கால்கள் தாங்காது. என்னைக் கேட்டால் அருங்காட்சியகம்தான். மொகஞ்சதாரோவின் நடனப் பெண் வெறும் பத்து சென்டிமீட்டர் சொச்ச உயரம், கூட்டத்தோடு ஓடினால் கண்ணில் படமாட்டாள். சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்கும் நேரம் ஒதுக்குங்கள். குடியரசுத் தலைவர் மாளிகையும் வேண்டுமென்றால், புதனுக்கு அதன் அரசு இணையதளத்தில் நீங்களே முன்பதிவு செய்யுங்கள். ‘பாஸ் வாங்கித் தருகிறேன்’ என்பவரிடம் ஐந்து பேரின் அடையாள அட்டை நகல்களைக் கொடுத்துவிட்டுப் பின்னால் தவிக்க வேண்டாம்.

ஆட்டோக்காரர் ‘இன்று அது மூடியிருக்கிறது’ என்று சொல்லி ஒரு கைவினைப் பொருள் கடைக்கு வண்டியைத் திருப்புவது டெல்லியின் பழைய தந்திரம், கடைக்காரர் அவருக்குக் கமிஷன் தருவார். செவ்வாயன்றும் புதனன்றும் அதை நம்பாதீர்கள். திங்கட்கிழமை அவர் சொல்வது உண்மையாக இருந்து தொலைக்கும், கடைக்கு மட்டும் போகாதீர்கள். கன்னாட் பிளேஸைச் சுற்றி ‘அரசு சுற்றுலா தகவல் மையம்’ என்ற பாணியில் பலகை மாட்டிய தனியார் கடைகள் ஏராளம். மத்திய அரசின் சுற்றுலா அலுவலகம் ஜன்பத் சாலை 88-ஆம் எண் கட்டடத்தில் இருக்கிறது.

டிசம்பர் பனிமூட்டத்தில் வடக்கே செல்லும் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். ஞாயிறு இரவு என்பது திங்கள் காலை ஆகலாம், அதனால் திங்கள் காலைக்கு எதையும் பணம் கட்டிப் பதிவு செய்யாதீர்கள்.

புதனன்று பெட்டிகளை ரயில் நிலைய கிளோக் ரூமில் வைத்துவிட்டு அருங்காட்சியகம் போங்கள். ரயில் டிக்கெட் கேட்பார்கள். பூட்டாத பெட்டியை வாங்க மாட்டார்கள், பூட்டுகளைத் திருச்சியிலேயே வாங்கிவிடுங்கள்.