மதிலில் தொங்கிய மன்னர்

கேள்வி: கன்னட ராஜா ஒருவரின் தோலை உரித்து, வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டையில் தொங்கவிட்டார்களாமே, நிஜமா? அந்த மதில் இன்னும் இருக்கிறதா?
- வாசகர், சிம்மக்கல்

பதில்: நிஜம்தான். அவர் போசள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர். 1342-இல் அவருக்கு எண்பது வயதுக்கு மேல். சமயபுரம் அருகே உள்ள கண்ணனூர்க் கொப்பத்தில் மதுரை சுல்தானின் படையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டிருந்தார். உள்ளே பதினான்கு நாளுக்குத்தான் சோறு. கோட்டையை விட்டுவிட்டுப் பத்திரமாகப் போய்விடுங்கள் என்றார் வல்லாளர். சுல்தானைக் கேட்டுச் சொல்கிறோம் என்று அவர்கள் தவணை கேட்க, அந்தப் பதினான்கு நாளையே கொடுத்தார். கெட்டது அங்கேதான். கடிதம் மதுரைக்குப் போனது. சுல்தான் கியாசுதீன் சுமார் ஆறாயிரம் பேருடன் கிளம்பினார். சாகத் துணிந்ததற்கு அடையாளமாகத் தலைப்பாகைகளை அவிழ்த்துக் குதிரைகளின் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தது மதியத் தூக்க நேரம். போசளக் குதிரைகள் மேய்ச்சலில். வந்தவர்களைத் திருடர்கள் என்று நினைத்துப் பாதி ஆயுதத்தோடு ஓடிவந்தார்கள். போசளப் படையில் லட்சம் பேர் என்ற பழைய கணக்கைப் பாதிகூட நம்ப வேண்டாம். ஆனாலும் பெரும்படை சிதறியது. கிழவர் குதிரையேற முயன்றபோது சுல்தானின் சகோதரர் மகன் நாசிருதீன் பிடித்துவிட்டான். முதலில் ராஜமரியாதை. விடுதலை செய்வதாகச் சொல்லிப் பொன், யானை, குதிரை எல்லாவற்றையும் கறந்தபின் கொலை. தோல் மதுரை மதிலுக்கு.

தொங்கியதைக் கண்ணால் கண்டு எழுதியவர் மொராக்கோ பயணி இபின் பதூதா. சுல்தானுக்கு எதிரியல்ல, சகலை! இருவரும் மதுரை சுல்தான் ஆட்சியைத் தொடங்கிய ஜலாலுதீன் அசன் ஷாவின் மருமகன்கள். அதனால்தான் இந்தச் சாட்சிக்கு எடை அதிகம்.

மதிலா? அது பாண்டியர் கட்டிய கோட்டையின் மதில். அந்தக் கோட்டையை விசுவநாத நாயக்கர் இடித்துப் பெரிதாகக் கட்டினார். அதையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்தார். பெரியார் பஸ் நிலையம் பக்கம் நிற்கும் கொத்தளம் நாயக்கர் காலத்தது, அதைக் காட்டி யாராவது கதை சொன்னால் நம்பாதீர்கள். பாண்டியர் கோட்டையின் மிச்சமாகச் சொல்லப்படுவது கோயிலுக்குக் கிழக்கே உள்ள விட்டவாசல்.

கேள்வி: அந்த சுல்தான் என்ன ஆனார்?
- வாசகர், திருமங்கலம்

பதில்: யோகி ஒருவர் செய்துகொடுத்த வீரிய மாத்திரையை அளவு மீறி விழுங்கினார். அதில் இரும்புத்தூள். படுக்கையில் விழுந்த சமயம் மதுரையில் கொள்ளைநோய். ஒரே மகன், மனைவி, தாய் போனார்கள், பின்னாலேயே அவரும். பட்டத்துக்கு வந்தவன் வல்லாளரைப் பிடித்த அதே நாசிருதீன்.