டி.பி. என்றார்கள், இப்போது சிலிகோசிஸ் என்கிறார்கள்: இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: என் கணவர் கோவையில் ஒரு சேண்ட் பிளாஸ்டிங் ஷெட்டில் ஒன்பது வருடம் வேலை பார்த்தார். மொத்தமே ஏழு பேர்தான். ஃபவுண்டரியிலிருந்து வரும் வார்ப்புகளை மணல் அடித்துச் சுத்தம் செய்யும் வேலை. மாதச் சம்பளம் 18,000 ரூபாய். பாதி நாள் கையில் கொடுப்பார்கள், சில மாதம் ஜிபேயில் வரும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் இல்லை. மூச்சு வாங்கியதால் 2024 அக்டோபரில் வேலையை நிறுத்திவிட்டார். அப்போது வயது 45. இரண்டு முறை டி.பி. மாத்திரை முழுதாகச் சாப்பிட்டும் குணமாகவில்லை. போன மாதம் சி.டி. ஸ்கேன் பார்த்த டாக்டர் சிலிகோசிஸ் என்கிறார். ஓனர் 50,000 ரூபாய் தருவதாகவும், ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொல்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? அதே ஷெட்டில் இருந்த இன்னொருவர் போன வருடம் டி.பி. என்று சொல்லி இறந்துபோனார்.

பதில்: சகோதரி, கையெழுத்து மட்டும் போட வேண்டாம். உங்களுக்குச் சட்டப்படி சேர வேண்டியது அந்த 50,000ஐப் போல் பல மடங்கு இருக்க வாய்ப்பு உண்டு. ஏன் என்று சொல்கிறேன்.

நச்சுப் பொருளால் வரும் நோய்களுக்கு இழப்பீடு கேட்கும்போது பெரும்பாலும் வழக்கு சிக்கிக்கொள்வது ஒரே இடத்தில்தான்: இந்த நோய் இந்த வேலையால்தான் வந்தது என்று எப்படி நிரூபிப்பது? புற்றுநோய் என்றால் ஆயிரம் காரணம் சொல்லி இழுத்தடிப்பார்கள். சிலிகோசிஸில் அந்த இழுபறி குறைவு. படிக சிலிகா தூசியைச் சுவாசித்தால் ஒழிய இந்த நோய் வராது. மணலை வேகமாக அடிக்கும்போது அது உடைந்து, கண்ணுக்கே தெரியாத துகளாகி நுரையீரலின் ஆழத்துக்குப் போய் அங்கேயே தழும்பாகிவிடுகிறது. "பீடி குடிப்பார், அதனால்தான்" என்று ஓனர் தரப்பில் சொல்லக்கூடும். பீடி நுரையீரலைக் கெடுக்கும், ஆனால் சிலிகோசிஸை உண்டாக்காது. முகத்தில் துண்டு கட்டிக்கொண்டுதானே வேலை செய்தார் என்றும் சொல்வார்கள். அவ்வளவு நுண்ணிய தூசியைத் துண்டு தடுக்காது.

1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் (வொர்க்மென் காம்பன்சேஷன் என்றுதான் இன்னும் பலர் சொல்கிறார்கள்) தன் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோய்களைப் பட்டியலிடுகிறது. ஈயம், பாதரசம், பென்சீன், குரோமியம் விஷம் எல்லாம் அதில் உண்டு. தாதுத் தூசியால் வரும் சிலிகோசிஸ், ஆஸ்பெஸ்டோசிஸ் அதன் 'சி' பகுதியில் வருகின்றன. பட்டியலில் உள்ள நோய், பட்டியலில் உள்ள வேலையில், தேவையான காலம் வேலை செய்தவருக்கு வந்தால், அது வேலையில் நேர்ந்த விபத்தாகவே கருதப்படும். ஓனர் கவனக்குறைவாக இருந்தார் என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு அவருடையது. இடையில் பட்டறை மாறியிருந்தாலும் 'சி' பகுதி நோய்களுக்கு எல்லா முதலாளிகளும் இழப்பீட்டு ஆணையர் (இந்த மனுக்களை விசாரிக்கும் அதிகாரி) பிரித்துச் சொல்லும் விகிதத்தில் தர வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. உங்கள் கணவர் வேலைக்குப் போக முடியாமல் போனது அதற்கு முன்பே என்பதால் பழைய சட்டத்தின் கணக்கையே கேளுங்கள்.

கணக்கு எப்படி வருகிறது? நிரந்தர முழு இயலாமை என்றால் மாதச் சம்பளத்தில் 60 விழுக்காட்டை வயதுக்கான காரணியால் (வயதுக்கேற்பச் சட்டம் தரும் பெருக்கல் எண்) பெருக்க வேண்டும். சம்பளம் 18,000 ஆனாலும் கணக்குக்கு அதிகபட்சம் 15,000தான் எடுப்பார்கள். அதில் 60 விழுக்காடு 9,000. 45 வயதுக்கான காரணி 169.44. பெருக்கினால் 15,24,960 ரூபாய். முழு இயலாமை இல்லை, சம்பாதிக்கும் திறனில் 60 விழுக்காடு போய்விட்டது என்று மருத்துவர் சான்று தந்தால் இதில் 60 விழுக்காடு, அதாவது 9,14,976 ரூபாய். கொடுக்க வேண்டிய தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி. நியாயமான காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் அபராதமாக இழப்பீட்டில் பாதி வரை கூடுதலாகப் போடலாம். சிகிச்சைக்குச் செலவழித்த பணத்தையும் திரும்பக் கேட்கலாம், அதனால் மருந்து பில்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

இப்போது அந்த 50,000. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் 17ஆம் பிரிவின்படி செல்லாது. நிரந்தர இயலாமைக்கு மொத்தத் தொகை பேசி முடித்தால் அதை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும், தொகை போதாது என்று தோன்றினால் அவர் மறுக்கலாம். பதிவுக்கு அனுப்பாமல் விட்டால் ஓனர் முழு இழப்பீட்டையும் தர வேண்டும். ஏற்கெனவே கொடுத்ததில் சாதாரணமாகப் பாதிக்கு மேல் கழிக்கவும் முடியாது. அப்படியென்றால் கையெழுத்துப் போட்டால்தான் என்ன என்று கேட்பீர்கள். வெற்றுத்தாளிலோ ஸ்டாம்ப் பேப்பரிலோ போட்ட கையெழுத்துக்கு மேல் என்ன எழுதப்படும் என்பது உங்கள் கையில் இல்லை. "இவர் என்னிடம் மூன்று மாதம்தான் வேலை செய்தார்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், உங்கள் வழக்கின் அடித்தளமே ஆடிப்போகும்.

உங்கள் வழக்கில் உண்மையான கஷ்டம் இரண்டு. முதலாவது, மருத்துவக் காகிதம். பழைய ஓ.பி. சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று ஒற்றைச் சொல் இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. சளிப் பரிசோதனையில் கிருமி தெரிந்ததா இல்லையா என்பதும் அதில்தான் இருக்கும். சிலிகோசிஸ் வந்தவருக்கு டி.பி. எளிதில் தொற்றும் என்பதால் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். டி.பி. இருந்தது என்பதால் உங்கள் கோரிக்கை விழுந்துவிடாது. போன மாதம் பார்த்த டாக்டரிடம் போய், எத்தனை வருடம், என்ன வேலை, மணல் அடித்த ஷெட் மூடியதா திறந்ததா என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். நோயின் பெயர், திறன் இழப்பு விழுக்காடு, நுரையீரல் திறன் பரிசோதனை முடிவு எல்லாம் சான்றிதழில் வர வேண்டும். எக்ஸ்ரே படங்கள் அத்தனையையும் தேதி வாரியாக வையுங்கள். பழைய படத்தில் இல்லாத புள்ளிகள் புதிதில் வரிசையாகத் தெரிவது நல்ல சாட்சி.

இரண்டாவது, அங்கே வேலை செய்தார் என்பதற்கு ஆதாரம். ஜிபேயில் சம்பளம் வந்த மாதங்களின் வங்கி அறிக்கையை முதலில் எடுங்கள். ஓனர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்தி, தீபாவளி போனஸ் கொடுத்த நாளில் ஷெட் முன்னால் எடுத்த போட்டோ, வார்ப்புகளை ஏற்றி இறக்கிய டெலிவரி சலானில் அவர் போட்ட கையெழுத்து, உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் அது, எல்லாம் உதவும். எல்லாவற்றையும்விடக் கூட வேலை செய்தவர்களின் சாட்சி பலமானது. அவர்கள் இன்னும் அங்கேயே வேலையில் இருந்தால் பயப்படுவார்கள், அது நியாயம்தான். வேலையை விட்டுப் போனவர்களிடம் முதலில் பேசுங்கள்.

நேரம் முக்கியம். நோயால் வேலைக்குப் போகாத முதல் நாள்தான் விபத்து நடந்த நாளாகக் கணக்கு. அதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். அதாவது உங்களுக்கு 2026 அக்டோபர் வரை. தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை ஆணையர் மன்னிக்கலாம், "டி.பி. என்று நினைத்துக்கொண்டிருந்தோம்" என்பது நல்ல காரணம்தான். ஆனாலும் அதை நம்பி உட்கார வேண்டாம். முதலில் ஓனருக்கு எழுத்தில் நோட்டீஸ், ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபாலில். மனுவைத் தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையராக இருக்கும் அதிகாரியிடம் தர வேண்டும். நீங்கள் குடியிருக்கும் ஊரின் எல்லைக்கு உட்பட்ட அலுவலகத்திலேயே போடலாம். ஓனர் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறாரா என்று கேட்டு, இருந்தால் அந்தக் கம்பெனியையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். வக்கீல் கட்டணத்துக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண் என்பதாலேயே வருமானம் பார்க்காமல் இலவச உதவி பெறும் தகுதி உங்களுக்கு உண்டு. 15100க்கு அழைத்தும் கேட்கலாம்.

இ.எஸ்.ஐ. பற்றி ஒரு வார்த்தை. ஏழே பேர் என்பதால் உங்களுக்குப் பொருந்தாது. 10 பேரோ அதற்கு மேலோ இருந்து, சம்பளம் 21,000க்குள் என்றால், பிடித்தம் செய்யாமல் இருந்திருந்தாலும் பலன் இ.எஸ்.ஐ.யில்தான் கேட்க வேண்டும். அங்கே மாதாமாதம் பணம் வரும், ஆணையரிடம் போக முடியாது. அதனால் ஆள் கணக்கில் அந்த ஒன்பது வருடத்தில் ஏதாவது ஒரு காலத்தில் 10 பேர் இருந்தார்களா என்று கணவரிடம் நன்றாகக் கேட்டுவிடுங்கள். எங்கே மனு போடுவது என்பதே அதைப் பொறுத்து மாறும்.

ஓனர் "சின்னப் பட்டறை, என்னால் முடியாது" என்று சொல்லலாம். அதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். குஜராத்தின் கோத்ரா பக்கம் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளில் வேலை செய்து சிலிகோசிஸில் இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் தர மாநில அரசுக்கு உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது. அவர்களில் பெரும்பாலோர் மத்தியப் பிரதேசத்தின் பழங்குடிக் கூலிகள், கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லாதவர்கள். அந்த வழக்கு நடந்து முடிய வருடக்கணக்கு ஆனது. உங்களிடம் ஜிபே ரசீதாவது இருக்கிறது.

அப்புறம், போன வருடம் இறந்துபோனவரின் மனைவியிடமும் இதைச் சொல்லுங்கள். இறந்தவர் சிகிச்சை பெற்ற ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயும் டிஸ்சார்ஜ் சம்மரியும் இன்னும் இருந்தால் உடனே நகல் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மரணத்துக்கு, இறந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் குடும்பம் மனு போடலாம். சம்பளத்தில் 50 விழுக்காட்டை வயதுக் காரணியால் பெருக்கிய தொகை. ஒரே ஷெட்டில் இரண்டு பேர் என்று ஆணையர் முன்னால் வரும்போது "இது தனி ஆளின் நோய்" என்ற வாதம் நிற்காது. ஷெட்டில் மிச்சமிருக்கும் மற்றவர்களும் இந்த வாரமே அரசு ஆஸ்பத்திரியில் ஒரு மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளட்டும்.