அதிபரவளையமும் ஆமைக் குஞ்சும்

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகனுக்கு ‘அண்மைக்கால அறிவியல் கண்டுபிடிப்புகள்’ என்று ப்ராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். வானியல், பல்லுயிர், வனவிலங்கு மூன்றும் வர வேண்டுமாம். 3ஐ/அட்லஸ் வேற்றுக்கிரகவாசிகளின் கப்பல் என்று யூடியூபில் சொல்வதைச் சேர்க்கலாமா? எல்லாம் வெளிநாட்டில் நடப்பவை. சென்னையில் இருந்துகொண்டு படம் ஒட்டுவதைத் தவிர என்ன செய்ய முடியும்?
– ஒரு வாசகி, குரோம்பேட்டை

பதில்: ப்ராஜெக்ட் உங்கள் மகனுக்கா, உங்களுக்கா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மகனுக்குத்தான் என்றால், மேலே படியுங்கள்.

கப்பல் கதை வேண்டாம். 2025 ஜூலை 1 அன்று சிலி நாட்டிலுள்ள அட்லஸ் தொலைநோக்கியில் தென்பட்ட அந்தப் பொருள் ஒரு வால்மீன். அதைச் சூழ்ந்த வாயுவில் கார்பன் டைஆக்சைடு மிகுந்திருப்பதை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அளந்தே காட்டிவிட்டது. அது நம் சூரியக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று என்பதை எப்படிக் கண்டுகொண்டார்கள் என்பதுதான் உங்கள் மகன் எழுத வேண்டிய செய்தி. அதற்கான விடை அவனுடைய கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. மையத்தொலைத் தகவு, அதாவது ஒரு பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைச் சொல்லும் எண், 1-ஐ விடக் குறைந்தால் சுற்றி வந்து மூடிக்கொள்ளும் நீள்வட்டம், மிகுந்தால் திரும்பி வராமல் விரிந்து செல்லும் அதிபரவளையம் என்று தேர்வுக்காக உருப்போட்டிருப்பான். பூமியின் பாதைக்கு அந்தத் தகவு 0.017; இந்த வால்மீனின் பாதைக்கோ ஏறத்தாழ 6. அதாவது, சூரியனின் ஈர்ப்பு அதைச் சற்றே வளைக்கலாமே தவிர, பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. இதற்கு முன் வந்த இரண்டு அயல் விருந்தாளிகளான ஓமுவாமுவாவுக்கு (2017) 1.2, போரிசோவுக்கு (2019) 3.4. இம்மூன்றின் பாதைகளையும் வரைபடத்தாளில் அவன் கையாலேயே வரையட்டும். கடையில் வாங்கி ஒட்டும் எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

எல்லாம் வெளிநாட்டில்தான் என்கிறீர்கள். நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். அண்மைக் காலமன்று, ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் உங்கள் கடைசி வரிக்கு அது போதும்.

பல்லுயிருக்கும் தொலைவு போக வேண்டியதில்லை. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்துவிட்டு, இனப்பெருக்கத்துக்காகச் சில நாட்கள் மட்டும் மேலே வரும் தவளை இனம் ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் வாழ்வதை, அதன் மரபணுவைக் கேரளப் பக்கத்து உறவினத்துடன் ஒப்பிட்டு 2017-இல் உறுதி செய்தார்கள். கோவை சாலிம் அலி மையத்தில் பணியாற்றி மறைந்த ஆய்வாளர் பூபதியின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள்.

வனவிலங்கு என்றதும் புலியைத் தேடிப் போகாதீர்கள். உங்கள் கடற்கரைக்கே வருவது பங்குனி ஆமை. ஒரு குழியில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகள், ஒவ்வொன்றும் பிங்பாங் பந்து போல. குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக் கருவுறும்போது சேரும் குரோமோசோம் அன்று, அடைகாக்கும் மணலின் சூடே முடிவு செய்கிறது. ஏறத்தாழ 30 டிகிரிக்கு மேல் சென்றால் பெண்களே மிகுதி. பூமி சூடேறுவதைப் பற்றி எழுத உங்கள் மகனுக்கு இதைவிட அருகிலுள்ள சான்று கிடைக்காது. 2025 ஜனவரியில் இதே கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியதையும் அவன் விட்டுவிடக் கூடாது. ஆமை நுரையீரலால் மூச்சு விடும் உயிர், வலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் மூழ்கிச் சாகும்.

நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, ஆமை முட்டையிடும் பருவத்தில், 1988 முதல் மாணவர்கள் இரவில் நடந்து முட்டைகளைத் திரட்டிக் குஞ்சு பொரிப்பகத்தில் சேர்க்கிறார்கள். அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, வார இறுதி இரவு ஒன்றில் மகனை அழைத்துச் செல்லுங்கள். நீங்களும் கூட நடக்கலாம். நோட்டும் பென்சிலும் போதும். கைப்பேசியின் விளக்கை மட்டும் போட வேண்டாம். பொரித்து வந்த குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கித் திரும்பிவிடும்.