கேள்வி-பதில்: நம்பர் 1 என்பது எதன் கணக்கு?

கேள்வி: கைலி மினோக் என்ற ஆஸ்திரேலியப் பாடகி ஐந்து பத்தாண்டுகளிலும் நம்பர் 1 பிடித்தவர் என்று எழுதுகிறார்கள். டான்ஸ்-பாப் என்பதே கம்ப்யூட்டர் குரல். அந்த இடமும் காசு கொடுத்து வாங்கியதாகத்தான் இருக்கும். எங்கள் பக்கம் கோயில் திருவிழாக் கச்சேரியில் பாடும் பெண்களின் வீடியோ யூடியூபில் ஒரு கோடி பார்வையைத் தாண்டுகிறது. அவர்களை ஏன் யாரும் நம்பர் 1 என்று சொல்வதில்லை? – வாசகர், திருவிடைமருதூர்.

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் அதற்கு நீங்கள் சொல்லும் காரணம் தவறு.

குரலிலிருந்து தொடங்குவோம். சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோ-டியூன் மென்பொருள் விற்பனைக்கு வந்தது 1997-இல். அதற்குப் பத்து வருடம் முன்பே கைலி வெற்றி பெற்றுவிட்டார். 1987-இல் அவருடைய முதல் இசைத்தட்டு ஆஸ்திரேலியாவில் 7 வாரம் முதலிடத்தில் இருந்தது. பிறகு லண்டன் போய் ஸ்டாக், எய்ட்கன், வாட்டர்மன் என்ற மூவர் கூட்டணியிடம் பாடினார். அவருக்கான பாட்டை அவர்கள் எழுதி முடிக்க எடுத்துக்கொண்டது சுமார் 40 நிமிடம். 1988 தொடக்கத்தில் அது பிரிட்டனில் 5 வாரம் முதலிடம். அந்தப் பதிவுக் கூடத்தில் இயந்திரம் இருந்தது உண்மை. தாளம் முழுக்க லின் என்ற டிரம் மெஷின்தான். ஆனால் குரல் மனிதக் குரல். ஒரே வரியைப் பல முறை பாடவைத்து, நன்றாக வந்த துண்டுகளை எடுத்துச் சேர்ப்பது, அதே வரியை இன்னொரு முறை பாடவைத்து மேலே அடுக்கிக் குரலுக்குக் கனம் கூட்டுவது, இவை அந்தக் காலப் பாப் பதிவுகளின் வழக்கமான வேலை. இரண்டாவது முறை பாடும்போது சொல் விழும் இடம் மயிரிழை தள்ளினாலும் காதில் இடறும். அதைப் பிசகாமல் பாட உழைப்பு வேண்டும்.

அடுத்தது "காசு கொடுத்து வாங்கிய இடம்". நம்பர் 1 யார் என்று சொல்லும் பிரிட்டனின் பாட்டு விற்பனைப் பட்டியல் 1952 நவம்பரில் ஒரு இசைப் பத்திரிகை சுமார் இருபது கடைகளுக்குப் போன் போட்டு எது எத்தனை விற்றது என்று கேட்டதில் பிறந்தது. இன்றும் அது ஒரு வாரத்தின் கணக்குதான். வெள்ளிக்குத் தொடங்கி வியாழனுக்கு முடியும். 2014-இலிருந்து தனிப்பாட்டுப் பட்டியலில் இணையக் கேட்பையும் (ஸ்ட்ரீமிங்) சேர்க்கிறார்கள். 2018-இல் வந்த கணக்குப்படி, சந்தா கட்டியவர் கேட்டால் 100 கேட்பு ஒரு விற்பனைக்குச் சமம். விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்டால் 600 கேட்பு. யூடியூப் வீடியோவையும் அந்த ஆண்டில்தான் சேர்த்தார்கள், அதிலும் அதிகாரப்பூர்வ வீடியோவை மட்டும். பாட்டு குறைந்தது பத்து வாரம் பட்டியலில் இருந்து, தொடர்ந்து மூன்று வாரம் இறங்கினால் இந்த விகிதம் 200 ஆகவும் 1,200 ஆகவும் இரட்டிக்கும். பழைய பாட்டு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காக.

இதில் உங்கள் ஒரு கோடியைப் போட்டுப் பார்ப்போம். 1,00,00,000-ஐ 600-ஆல் வகுத்தால் 16,666 விற்பனை. அதுவும் அந்த ஒரு கோடி ஒரே வாரத்தில், பிரிட்டனுக்குள், அதிகாரப்பூர்வ வீடியோவுக்கு வந்திருந்தால் மட்டும். கும்பகோணத்திலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் மூன்று வருடமாகச் சேர்ந்த பார்வை, அதுவும் யாரோ செல்போனில் எடுத்துப் போட்டதற்கு வந்தது என்றால், அந்தக் கணக்கில் அது பூஜ்யம். 2001 செப்டம்பரில் கைலியின் மிகப் பெரிய பாட்டு முதல் வாரத்திலேயே பிரிட்டனில் 3 லட்சத்துக்கும் மேல் விற்றது. 600-க்கு ஒன்று என்ற விகிதத்தில் அதற்கு ஒரே வாரத்தில் 18 கோடி இலவசக் கேட்பு வேண்டும்.

அதற்காகக் கைலியைப் பற்றி எழுதப்படுவதை எல்லாம் அப்படியே நம்பவும் வேண்டாம். ஐந்து பத்தாண்டுச் சாதனை பிரிட்டனின் ஆல்பம் பட்டியலைச் சேர்ந்தது. தனிப்பாட்டுப் பட்டியலைச் சேர்ந்ததல்ல. 1988, 1992, 2001, 2010, 2020 என்று வரிசை சரிதான். ஆனால் 1992-இல் முதலிடம் பிடித்தது ஏற்கெனவே வெற்றி பெற்ற பாட்டுகளின் தொகுப்பு. அந்தப் பத்தாண்டில் அவர் புதிதாகப் பதிவு செய்த எந்த ஆல்பமும் அங்கே முதலிடம் வரவில்லை. பழைய கம்பெனியை விட்டு விலகி, நடனப் பாட்டிலிருந்து நகர்ந்து சோதனை செய்த காலம் அது. 1998-இல் பிரிட்டனில் வெளிவந்த ஆல்பம் பத்தாம் இடத்தோடு நின்றது. அமெரிக்காவின் முக்கியப் பட்டியலில் 1988-இல் மூன்றாம் இடம், 2001-ஆம் ஆண்டுப் பாட்டுக்கு ஏழாம் இடம். ஆகவே "உலக நம்பர் 1" என்று சொல்வது பேச்சுக்குத்தான் உதவும்.

எங்கள் பார்வையில் அவருடைய திறமை குரலைவிடப் பாட்டைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. அந்த 2001 பாட்டைக் கேத்தி டென்னிஸும் ராப் டேவிஸும் எழுதினார்கள். வேறு பாடகர்களுக்காக முயன்று வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட பிறகுதான் அது கைலியிடம் வந்தது. அவர் உடனே பிடித்துக்கொண்டார். நிமிடத்துக்கு ஏறத்தாழ 126 தாள அடி வேகம், தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சீர். ஒவ்வொரு சுற்றின் நான்கு அடியிலும் கிக் டிரம், அதாவது காலால் அடிக்கும் பெரிய டிரம், விழும். வார்த்தை தெரியாதவரும் கூடப் பாட ஒரு "லா லா லா". கிளப்பில் டி.ஜே. ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குத் தடங்கல் இல்லாமல் போக இந்தச் சீரான வேகம் அவசியம். டான்ஸ்-பாப்பின் பாதித் தொழில்நுட்பம் இதுதான்.

நம் பக்கத்துக் கச்சேரிப் பதிவு முதலில் தவறுவதும் இங்கேதான். ஆட்டம் சூடேற ஏறத் தவிலும் பம்பையும் வேகத்தைத் தூக்கிக்கொண்டே போகும். நேரில் அதுதான் உயிர், அதை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்தப் பதிவை எடுத்து அதன் மேல் கீபோர்டும் பேஸும் சேர்த்தால் இரண்டாவது சரணத்திலேயே ஒன்றுக்கொன்று ஒட்டாது. தவில்காரர் காதில் ஹெட்போனில் கிளிக் (வேகம் மாறாமல் காட்டும் 'டிக் டிக்' ஒலி) கொடுத்து, தவிலை மட்டும் முதலில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். குரல் அதன் பிறகு. மேடை மிக்சரிலிருந்து நேராக எடுக்கும் பதிவு வெளியீட்டுக்கு உதவாது. மேடையில் தவிலும் டிரம்மும் தானாகவே உரக்கக் கேட்பதால் மிக்சரில் அவற்றை இறக்கிக் குரலை ஏற்றியிருப்பார்கள். பதிவில் குரல் மட்டும் தூக்கி நிற்கும், தாளம் எங்கோ தூரத்தில் கேட்கும். எர்த் சரியில்லாத ஜெனரேட்டர் என்றால் அடியில் ஒரு 'ஹம்' வேறு. பிறகு அதை நீக்கப்போனால் குரலின் அடித்தளமும் சேர்ந்து போகும்.

இதைவிடப் பெரிய விஷயம் உரிமை. திருவிழாவில் பாடுவதில் பெரும்பாலானவை சினிமாப் பாட்டு. வீடியோவை யூடியூபில் ஏற்றியதும் அந்த மெட்டை அதன் கான்டென்ட் ஐ.டி. (உரிமை உள்ள பாட்டை அடையாளம் காணும் தானியங்கி ஏற்பாடு) கண்டுபிடித்தால் விளம்பர வருமானம் ஆடியோ கம்பெனிக்குப் போகும். பார்வைக் கணக்கு சேனல்காரருக்குப் போகும். பாடிய பெண்ணுக்கு அன்று இரவு வாங்கிய சம்பளம் மட்டும்தான். பல வீடியோக்களின் தலைப்பில் அவர் பெயர்கூட இருப்பதில்லை. எங்களுக்குக் கோபம் வருவது இதில்தான். அடுத்தவர் பாட்டைப் பாடுவது குற்றமல்ல; கைலியின் முதல் இசைத்தட்டே 1962-இல் வேறொருவர் பாடிய பாட்டு. ஆனால் அது அவர் பெயரில், உரிமை பெற்று, தனிப் பதிவாக விற்பனைக்கு வந்தது. நம் சட்டத்திலும் வழி இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவின்படி, மூலப் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு கழித்து மறுபாடல் பதிவு செய்யலாம். ஆனால் பொதுவாக ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டி கட்ட வேண்டும். திருவிழாப் பாடகிக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் நடவுப் பாட்டையும் கும்மிப் பாட்டையும் எடுத்துப் பாடச் சொல்லுங்கள். வழிவழியாக வந்த மெட்டுக்கு உரிமையாளர் கிடையாது. புதிதாகச் செய்த இசையமைப்பும் பதிவும் செய்தவருடையவை. மன்னார்குடிப் பக்கமும் வேதாரண்யம் பக்கமும் இன்னும் பாடத் தெரிந்த பாட்டிமார் இருக்கிறார்கள். ஆனால் எவரோ சமீபத்தில் எழுதிய பாட்டை 'நாட்டுப்புறப் பாட்டு' என்று நினைத்து ஏமாறாமல், யார் எழுதியது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவு முடிந்ததும் பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர், தவில் வாசித்தவர் என்று யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். பாட்டு ஓடிய பிறகு எழுத உட்கார்ந்தால் கையெழுத்து கிடைக்காது. எழுதியவரும் இசையமைத்தவரும், அவர்களுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. எண் வாங்க வேண்டும். எழுத்தும் இலக்கமும் சேர்ந்து மொத்தம் பன்னிரண்டு கொண்ட அந்த எண்தான் உலகம் முழுக்க அந்தப் பதிவின் அடையாளம். விநியோகிக்கும் இணைய நிறுவனமே பெரும்பாலும் அதைத் தந்துவிடும். வெளியீட்டைக் குறைந்தது நான்கு வாரம் முன்னதாக ஏற்றி, ஒரு வெள்ளிக்கிழமைக்கு வைக்கச் சொல்லுங்கள். பாடகியின் பெயரை ஒரு தளத்தில் முதலெழுத்தோடும் இன்னொன்றில் இல்லாமலும் கொடுத்தால் இரண்டு பாடகிகளாகப் பிரிந்து கணக்கும் பிரியும். பிறகு விநியோகஸ்தரை மாற்றினாலும் பழைய ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணையே கொடுக்க வேண்டும். புது எண் வாங்கினால் அதுவரை சேர்ந்த கேட்புகள் பழைய பதிவோடு தங்கிவிடும்.